ஒற்றைத் தீக்குச்சி

இன்றும் சாயங்காலம் விளக்கேற்றத் தீக்குச்சியை உரசினேன். அந்த மருந்து வாடை மூக்கில் ஏறியதும், அடியே, நீ பின்னால் வந்து நின்றுவிட்டாய். நீ போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காளிகாட்டில் ஒரே வீட்டு மாடியில் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தோம், நீயும் நானும். எழுபதுகளில் சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். 'அம்மா'வுக்கு அடுத்து என் பையன் கற்ற வார்த்தையே 'லோட்ஷெட்டிங்'தான். உனக்கு அப்போது குழந்தை பிறந்திருக்கவில்லை. ஐப்பசியில் வங்காளிகள், செத்துப்போன முன்னோருக்கு வழி தெரியட்டும் என்று மொட்டைமாடியில் மூங்கில் கழி நட்டு விளக்கு ஏற்றுவார்கள். வீட்டுக்கார அம்மாளை வங்காளி வழக்கப்படி 'மாசிமா', சித்தி என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு முட்டிவலி. அதனால் அந்த மாசம் விளக்கு நம் பொறுப்பு.

அன்று ஏழு மணி இருக்கும். ஊரே இருட்டு. காற்றில் ஒவ்வொரு குச்சியாக அணைந்து, பெட்டியில் ஒன்றே ஒன்று மிச்சம். "இதையாவது உருப்படியா கொளுத்துடி, நீ விடுற மூச்சுலயே அணையுது" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தாய். அப்போது உன் முகம் பச்சையாகத் தெரிந்தது.

நிமிர்ந்தேன். பெஹாலா பக்கத்து வானத்தில் ஒரு நெருப்பு உருண்டை, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாம் அசையவில்லை, நம் நிழல்கள் தரையில் நகர்ந்து நம்மைச் சுற்றி வந்தன. கழியின் நிழலும் கூடவே வந்தது. பிறகு அந்த உருண்டை உடைந்து அணைந்தது. முன்னைவிடக் கெட்டியான இருட்டு. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

எரிநட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் உடனே பச்சையைப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஞாபகம் போய்விடும் என்று நம் இரண்டு பேர் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். மாசிமாவின் துளசித் தொட்டிக்கு ஓடினேன். விளக்குக்கென்று வைத்திருந்த அந்தக் கடைசிக் குச்சியை உரசி இலையைப் பார்த்தேன். நான் மட்டும். குச்சி விரலைச் சுட்டு அணைந்த பிறகுதான் நீ ஞாபகத்துக்கே வந்தாய்.

"ஐயோ, நீ பார்க்கலையேடி!"

"விழுந்ததே பச்சைதானே, அதைத்தான் கண்கொட்டாமப் பார்த்தேனே. போதும் போ" என்று சிரித்தாய். அதற்குள் எங்கோ தொலைவில் இடி போல ஒரு சத்தம், ஜன்னல்கள் அதிர்ந்தன. ஆபத்து விலகட்டும் என்று வீட்டுக்கு வீடு சங்கு ஊதத் தொடங்கினார்கள். குச்சியை வீணாக்கியது தான்தான் என்று மாசிமாவிடம் பழியையும் நீயே ஏற்றுக்கொண்டாய். அன்றைக்கு மட்டும் அந்த வீட்டு முன்னோருக்கு விளக்கில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து, பெஹாலாவிலிருந்து உன் மகள் போன் செய்தாள். "அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோகுது மாசி." வியாதிதான், டாக்டரே பேர் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு நானே நூறு தரம் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்டால்தானே! உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் ஓடி வந்தேன். நீ என்னை யாரென்று கேட்டாய். உன் மகளைக் காட்டி, "இது யார் வீட்டுப் பொண்ணு?" என்றாய்.

கொசுவர்த்தி கொளுத்த அவள் குச்சி உரசினாள். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கண்கள் சுவரில் நகர்ந்த நிழலோடு போய்க்கொண்டிருந்தன.

"பார்த்துட்டியாடி? இருக்கிறது ஒரு குச்சி. நான் வேற பங்குக்கு வந்து நிக்கணுமா? உனக்குக் குழந்தை இருக்கு. அது முகத்தை நீ மறக்கக்கூடாதுல்ல?"

அப்படியானால் உனக்கும் பயம் இருந்திருக்கிறது. என்னைவிட அதிகமாகவே நம்பியிருக்கிறாய். நம்பித்தான் சிரித்திருக்கிறாய், பாவி. குச்சி அணைந்ததும் கையை விட்டுவிட்டு, மறுபடி என்னை யாரென்று கேட்டாய்.

இப்போதெல்லாம் தினமும் இரண்டு குச்சி உரசுகிறேன். விளக்குக்கு இரண்டாவதுதான். முதல் குச்சியைத் துளசிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "பார்த்துக்கோடி" என்று சொல்லிவிட்டு, விரல் சுடும்வரை நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.