வயர்லெஸ் பெட்டியில் இரண்டாவது கணினி

வவுனியா
14.10.2008

அன்பு மகன் றிஸ்விக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நானும் உம்மாவும் தங்கை றினோஸாவும் சுகம், உம்மாவின் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. கட்டாரில் நீயும் சுகமாக இருக்க ஐவேளைத் தொழுகையிலும் கேட்கிறோம்.

நீ கொடுத்துவிட்ட இன்டர்நெட் வயர்லெஸ் பெட்டி வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை மகன். எங்கள் கணினியை அணைத்த பிறகும் அதன் பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. றினோஸா உள்ளே திறந்து பார்த்துவிட்டு, வாப்பா ரெண்டு கொம்பியூட்டர் காட்டுது, எங்களிட்ட ஒண்டுதானே இருக்கு என்றாள். எனக்குப் பகீரென்றது. இந்த யுத்த காலத்தில் எவனோ எங்கள் இணைப்பில் எதையாவது அனுப்பினால், லைன் என் பெயரில் இருக்கிறது, பிடித்துக்கொண்டு போவது என்னைத்தானே. நீ எழுதியபடி பெட்டியோடு வந்த இணைப்பின் பெயரை மாற்றினோம், பாஸ்வேர்டையும் மாற்றினோம். மூன்று தரம் மாற்றியும் மறுநாளே அந்த இரண்டாவது கணினி திரும்ப வந்து குந்திக்கொண்டது.

என் சந்தேகம் மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் சுதாகரன் மேல் போனது. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறவன், மடிக்கணினி வைத்திருக்கிறான், சத்தமில்லாமல் படியேறுவான். அந்தப் பிள்ளையை அப்பிடிச் சொல்லாதீங்கோ என்று உம்மா சொன்னதையும் நான் கேட்கவில்லை. பொலிஸுக்கு முறைப்பாடு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். வாசலில் அவனே எதிரே வந்தான், கேட்டுவிட்டேன். அவன் ஒளிக்கவில்லை. ஓம் ஐயா, நான்தான் பாவிக்கிறன், நீங்கள்தானே கதவில எழுதி ஒட்டினனீங்கள், பட்டியலில பேர் இருக்கிற எல்லாருக்கும் எண்டு நினைச்சன் என்றான்.

இப்போது இங்கே வீட்டுச் சோதனைக்கு வருகிற ஆமியும் பொலிஸும் பார்ப்பதற்காக, வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை முன்கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். பெட்டியை ஒளித்து வைத்ததாக யாரும் சொல்லக்கூடாது என்று அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்தப் பட்டியலின் அடியில் நானே எழுதினேன். மாற்றும்போதெல்லாம் பழையதை வெட்டிப் புதியதையும் எழுதினேன். அந்தப் பட்டியலில் நான்காவது பெயர் சுதாகரன். சண்டை நடக்கும் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்த அவனுடைய தாய் தகப்பன் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. லண்டனில் இருக்கும் தமக்கைக்கு ஏதும் செய்தி கிடைத்தால் மெயில் போடுவாளாம், அதைத்தான் ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிறான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினோம். கதவில் எழுதவில்லை, அவனுக்கு வாயால் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லாதே என்று மூன்று தரம் சொன்னேன், என் குணம் உனக்குத் தெரியும்தானே. பெட்டிக்குள் நுழைந்து இதையெல்லாம் மாற்றுவதற்கான வேறு பாஸ்வேர்ட் ஒன்று இன்னும் கடையிலிருந்து வந்தபடியே கிடக்கிறதாம், அதை மாற்றும் விதத்தை மறக்காமல் எழுது. தொலைபேசியில் சொல்லாதே, யார் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைக் காத்துக்கொள்வான். முறைப்பாட்டைக் குசினி அடுப்பில் போட்டுவிட்டேன். போடுமுன் ஒருமுறை வாசித்தேன் மகன். வாடகைக்கு வந்தபோது அவன் தந்த அடையாள அட்டை இலக்கத்தைக்கூட ஒரு எண் பிசகாமல் எழுதியிருந்தேன். அவனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தால், தம்பியையும் காணவில்லை என்று அந்தத் தமக்கைக்கு யார் மெயில் போட்டிருப்பார்கள்?

உனக்காக துஆச் செய்யும் வாப்பா,
இஸ்ஸதீன்