பால் வெள்ளைக் காலுறை

லுணுகலை
ஜனவரி 21, 2024

அன்புள்ள நிரஞ்சலா அக்கா அவர்களுக்கு,

நோர்வேயில் இது வெயில் எட்டிப் பார்க்காத மாதம் என்று நம் வட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தீர்கள். அந்த இருட்டிலும் குளிரிலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று நானும் என் மனைவி லூசியாவும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மழை ஓய்ந்து, காலையில் பனி இறங்குகிறது. லூசியா மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

உங்கள் பொதி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. லூசியாதான் தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தாள். பிரித்ததும் முதலில் மோந்து பார்த்தாள். “வெளிநாட்டு வாசம் அடிக்குதுங்க” என்றாள். எனக்குக் கம்பளி வாசம்தான் தெரிந்தது.

வெலிமடை ஸுபைரா அக்கா நம் பின்னல் குழுவில் சீட்டுக் குலுக்கி, யார் யாருக்குக் காலுறை பின்ன வேண்டும் என்று அறிவித்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உங்கள் கைவேலையின் படங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு நான் என்னத்தைப் பின்னி அனுப்புவது? இப்போது உங்கள் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது அந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. விரல் முனையில் தையலே தெரியவில்லை. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு முடிச்சுக்கூடத் தட்டுப்படவில்லை. எப்படி முடித்தீர்கள் என்று ஒருநாள் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

கறுப்பு நூல் முடிந்துவிட்டது, ஆண்பிள்ளைக்கு வெள்ளை போடுகிறேன், மன்னியுங்கள் என்று பொதிக்குள் வைத்த துண்டுக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். மன்னிக்க என்ன இருக்கிறது அக்கா? பால் நிறம் அழகாகவே இருக்கிறது. நான் இதுவரை லுணுகலைக் கடையில் வாங்கிய கறுப்பு மேஸ்தான் போட்டு வந்தேன். எங்கள் பக்கம் காலுறைக்கு மேஸ் என்போம். இந்தச் செம்மண்ணில் வெள்ளை தாங்குமா என்று லூசியாதான் கவலைப்படுகிறாள். நான் அதிகம் வெளியே போகிறவன் இல்லை, அதனால் பரவாயில்லை என்று சொன்னேன்.

தூர நடைக்கு ஏற்ற கம்பளி என்றும் எழுதியிருந்தீர்கள். மிக்க நன்றி. நல்ல சூடாக இருக்கிறது என்று லூசியா சொன்னாள்.

உங்களுக்கான சோடியில் ஒன்று முடிந்துவிட்டது. மற்றதைத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் அனுப்பிவிடுவேன்.

மாதாவின் காவல் உங்கள் வீட்டுக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி ஜீவராஜ்


லுணுகலை
மே 26, 2024

அன்புள்ள நிரஞ்சலா அக்கா அவர்களுக்கு,

அடுத்த மாதம் என்று சொன்னவன் இவ்வளவு நாளும் சத்தமில்லாமல் இருந்துவிட்டேன். குழுவில் எல்லோருடைய பொதியும் போய்ச் சேர்ந்து, எல்லோரும் படம் போட்டு முடித்தும், உங்களுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. “தம்பிக்குச் சுகமில்லையா?” என்று மட்டும் ஸுபைரா அக்காவிடம் விசாரித்தீர்களாம். அதற்கு முதலில் நன்றி. இந்தக் கடிதத்தோடு உங்களுக்கான காலுறைகளும் வருகின்றன. ஏன் தாமதம் என்பதை வட்ஸ்அப்பில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆற அமர எழுத வேண்டிய விஷயம் அது.

அக்கா, எனக்கு நடக்க முடியாது. ஆறு வருஷத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரத்தில் ஏறிக் கிளை வெட்டிக்கொண்டிருந்தபோது கிளையோடு நானும் விழுந்தேன். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அப்போது பதுளை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முன்ஸிப் அண்ணன். உருளைக்கிழங்கு லொறியிலிருந்து விழுந்து கால் முறிந்தவர். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அவர் மனைவிதான் ஸுபைரா அக்கா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யாரோ ஒரு குழந்தைக்குத் தொப்பி பின்னிக்கொண்டே இருப்பார். நான் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், “தம்பி, கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, இந்தாங்க புடிங்க” என்று ஊசியை நீட்டினார். அப்படித்தான் தொடங்கியது. முன்ஸிப் அண்ணன் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதைக் குழுவில் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸுபைரா அக்காவும் சொல்லவில்லை. எங்கள் லயத்து வீடுகளில் என்னைப் பார்க்கிற எல்லோரும் முதலில் நாற்காலியைப் பார்ப்பார்கள், பிறகுதான் என் முகத்தை. குழுவில் மட்டும்தான் நான் பின்னுகிற ஓர் ஆள். பின்னல் கண்ணி இறுகிவிட்டது என்று எல்லோரையும் போல என்னையும் திட்டுவீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கால் அளவு கேட்டபோதும் பத்தங்குலம் என்று மட்டும் எழுதினேன்.

நீங்கள் அனுப்பிய காலுறைகளைத் தினமும் போட்டுக்கொண்டேன். இரண்டாம் சோடி இல்லாததால் லூசியா ஒன்றுவிட்டு ஒருநாள் துவைத்து அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பாள். பெப்ரவரியில் ஒரு பின்னேரம் மலையிலிருந்து வந்து, துவைப்பதற்காக என் காலிலிருந்து கழற்றப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க, மண்ணா இது?”

குதிகால் பக்கம் வெள்ளையில் ஒரு கறை. காசளவு இருக்கும். மண் நிறம் போலத்தான் எனக்கும் தெரிந்தது. லூசியா விரலால் தொட்டுப் பார்த்தாள். “மண்ணு இப்பிடி ஈரமா இருக்காது” என்றாள். மெதுவாக இழுத்தபோது காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழற்றினாள். குதிகாலின் பின்பக்கம் குழியாகப் புண். நாற்காலியில் கால் வைக்கும் தகட்டின் ரப்பர் கழன்று போயிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அந்த இரும்பு விளிம்பு உராய்ந்து உராய்ந்து உள்ளே போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அதே தகட்டில் காலை வைத்துக்கொண்டு, உங்களுக்கான இரண்டாவது காலுறையின் குதிகால் வளைவைப் பின்னிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியக்காலை பக்கத்து வீட்டு தினேஸின் ஆட்டோவில் லுணுகலை ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்குப் போனோம். டொக்டர் புண்ணைக் கழுவிப் பார்த்து, படமெடுத்துப் பார்த்து, கிருமி இன்னும் எலும்புக்குப் போகவில்லை என்றார். “எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டார். லூசியா சேலைத் தலைப்பில் சுருட்டி வைத்திருந்த காலுறையை எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உணர்ச்சி இல்லாத காலுக்குக் கறுப்பு போடவே கூடாது, கறை தெரியாது, நாற்றம் வரும்போதுதான் தெரியும், அதற்குள் காலை எடுக்க வேண்டி வந்துவிடும் என்றார். உள்ளே தையல் இல்லாததையும் தடவிப் பார்த்து, இப்படித்தான் இருக்க வேண்டும், யார் செய்தது என்று கேட்டார். “நோர்வேயில எங்க அக்கா ஒருத்தவங்க” என்று லூசியா சொன்னாள். உங்களைக் கேட்காமலே உறவு கொண்டாடிவிட்டாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அன்று ஒன்று நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுதாகாது. டொக்டர் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நடக்காத கால், நோகாத கால், இருந்தால் என்ன, போனால் என்ன என்றுதான் தோன்றியது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். லூசியா, நான் மரத்திலிருந்து விழுந்தபோதுகூட மற்றவர்கள் முன்னால் அழாதவள், வார்ட்டு வாசலில் நின்று அத்தனை பேர் பார்க்க அழுதாள். “நடக்காட்டி என்னங்க, அது ஒங்க காலு. தெனமும் கழுவி எண்ண போடுறது நானு. அத எப்பிடி வேணாம்னு சொல்லுவீங்க?” என்று கேட்டாள்.

ஆறு வருஷமாக அவள் என் கால்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உணர்ச்சி இல்லாத இடத்தில் நடக்கிற எதுவும் எனக்கு நடப்பதாகவே நான் நினைக்கவில்லை. அன்றைக்குத்தான் அது என்னை வந்து தொட்டது. இப்போது அவள் எண்ணெய் போடும்போது நான் வேறு எங்கேயும் பார்ப்பதில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் இருக்க வேண்டியதாயிற்று. குதிகால் எதிலும் படக்கூடாது என்று ஒருக்களித்தே படுக்க வைத்தார்கள். ஸுபைரா அக்கா வெலிமடையிலிருந்து பஸ் மாறி வந்து பார்த்தார். லீக்ஸும் கரட்டும் போட்ட சூப்பைப் போத்தலில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை கிளம்ப மாட்டார். உங்களுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

படுத்துக்கொண்டே உங்களுக்கான இரண்டாவது காலுறையை முடித்தேன். வீட்டுக்கு வந்து முதலாவதோடு வைத்துப் பார்த்தால், படுக்கையில் பின்னியது இறுக்கமாக, ஒரு சுற்றுச் சிறியதாக இருந்தது. அப்படியே அனுப்பலாம், அக்கா ஒன்றும் நினைக்க மாட்டார் என்று லூசியா சொன்னாள். நான் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னினேன். எனக்கு இறுக்கமும் தளர்வும் ஒன்றுதான். உங்கள் கால் நோகக்கூடிய கால் அல்லவா?

நீங்கள் கேட்ட கொழுந்துப் பச்சை நிறத்தில் புது நூல் பதுளைக் கடைகளில் கிடைக்கவில்லை. கிளிப்பச்சைதான் இருந்தது. பஸாரில் பழைய உடுப்புக் குவியலுக்குள் லூசியா ஒரு பச்சை ஸ்வெட்டரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அதைப் பிரித்துக் கழுவி, கல் கட்டித் தொங்கவிட்டு நெளிவு எடுத்த நூல் இது. புதிது இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நல்ல கம்பளி. துவைத்தாலும் சாயம் போகவில்லை.

நீங்கள் தாளில் கால் வைத்து வரைந்து அனுப்பிய அளவின் மேல் லூசியாவை நிற்கச் சொன்னேன். பெருவிரல் மட்டும்தான் கொஞ்சம் வித்தியாசம். அதனால் முடித்ததும் அவளையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். கால் கழுவிவிட்டு வந்து போட்டாள். காம்பராவில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். இன்னொரு தடவை நடந்தாள். பிறகு கழற்றி, மடித்து, “அக்காவுக்குச் சரியா இருக்கும்” என்றாள். உனக்கும் ஒரு சோடி பின்னட்டுமா என்றால், “மலையில அட்ட கடிக்கிற காலுக்கு எதுக்குங்க” என்கிறாள். மிச்சப் பச்சை நூலை நான் எடுத்து வைத்துவிட்டேன். அவள் மலைக்குப் போனபிறகுதான் பின்னுகிறேன், இன்னும் அவளுக்குத் தெரியாது. எங்களுக்குக் கல்யாணம் முடிந்து பதினான்கு வருஷமாகிறது. என் கையால் அவளுக்கு நான் செய்யும் முதல் பொருள் இதுதான்.

புண் ஆறிவிட்டது. புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மூடியிருக்கிறது. தகட்டுக்கு தினேஸ் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். நீங்கள் அனுப்பிய காலுறையில் கறை முழுதாகப் போகவில்லை. லூசியா எலுமிச்சம் புளி போட்டும் பார்த்துவிட்டாள். போனால் போகட்டும், நான் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். வார்ட்டில் என்னைப் போலவே இருந்த இரண்டு பேருக்கு வெள்ளையில் ஒவ்வொரு சோடி பின்னத் தொடங்கியிருக்கிறேன். விரல் முனையைத் தையல் இல்லாமல் முடிப்பது எப்படி என்று உடனே சொல்லித்தாருங்கள். இனி அது எனக்கு அழகுக்கான கேள்வி இல்லை.

அக்கா, கடைசியாக ஒன்று. உங்கள் பொதியோடு வந்த துண்டுக் கடிதத்தில், “இப்போதெல்லாம் நான் வெளியே போவதே இல்லை, அதனால் பின்ன நிறைய நேரம்” என்று ஒரு வரி இருந்தது. லூசியா அதை இரண்டு தடவை வாசித்தாள். ஏன் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் போல இருந்தால் சொல்லுங்கள், எங்களுக்குக் கேட்க நேரம் இருக்கிறது.

இந்தக் காலுறைகளை அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். இப்போது உங்கள் ஊரில் வெயில் வந்திருக்குமே. போட்டுக்கொண்டு, மேலே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போங்கள். தெருமுனைக் கடை வரையாவது போய் வாருங்கள். மறுநாள் அதற்கு அங்கால் போங்கள். குதிகால் தேயட்டும், ஓட்டை விழட்டும். ஓட்டை விழுந்துவிட்டது என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அதைவிடச் சந்தோஷமான கடிதம் எனக்கு வராது. அன்றைக்கே அடுத்த சோடியைத் தொடங்கிவிடுவேன்.

நீங்கள் நடக்கிற வழியெல்லாம் மாதா உங்களுக்குத் துணையாக வரட்டும்.

நன்றியோடு,
உங்கள் தம்பி ஜீவராஜ்
லூசியா