தும்பிக்கை வைத்த லை

1987 ஆகஸ்ட் 9, ஞாயிறு

‘பாழ்மலை’ போஸ்டர் முடிந்தது. பேய்ப்படம் வந்தாலே டென்ட் கொட்டகைக்காரர் ரத்த எழுத்துதான் கேட்கிறார். எழுத்து நல்ல தடிமனாக இருக்க வேண்டும். சொட்டுகள் ஒரே நீளத்தில் இருந்தால் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும். ஒன்று நீளம், இரண்டு குட்டை. சுழிக்குள் சொட்டு விடக் கூடாது, பஸ்ஸில் போகிறவர்களுக்குப் படிக்க வராது.

எனக்குப் பிடித்தது லை. பள்ளிக்கூடத்தில் புது லை வந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்போடு நின்றேன். என் கை இன்னும் பழைய லைக்கே போகிறது. தலைமேல் யானைத் தும்பிக்கை வைத்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கவிட்டால் போதும், பார்க்கவே பயமாக இருக்கும். என் பெயரிலும் அந்த லை இருக்கிறது — கலையரசி. ஆனால் போஸ்டரின் அடியில் ‘தங்கம் ஆர்ட்ஸ்’ என்றுதான் இருக்கும். அண்ணன் பெயர் தங்கதுரை. அது சரிதான். யாராவது என்னைத் தேடி வந்து பாராட்டினால் நான் எங்கே போய் ஒளிவேன்?

ஆகஸ்ட் 12

சோடாக் கடை செல்லமுத்து மாமாவும் தன் போர்டுக்கு அதே எழுத்தைக் கேட்டாராம். “இன்னா மாமா, சோடா விக்கிறியா, ரத்தம் விக்கிறியா?” என்று அண்ணன் அனுப்பிவிட்டான். டிரான்ஸ்பார்மருக்கு ‘அபாயம்’ பலகை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறான். அபாயத்தில் லை இல்லை.

செப்டம்பர் 3

வெங்கடேசன் மாமா கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் இட ஒதுக்கீட்டு மறியலுக்கு ஆள் சேர்ப்பவர் அவர்தான். இங்கிருந்து சின்னசேலம் வரைக்கும் சுவரெல்லாம் ‘சாலை மறியல்’ எழுத வேண்டுமாம், அதுவும் பேய்ப்பட எழுத்தில். அது சினிமாவுக்கு ஆனது, இதற்கு வேண்டாம் என்றான் அண்ணன்.

“கெஞ்சிக் கெஞ்சி எழுதிப் பாத்தாச்சுப்பா. நீயும் பத்தாவது படிச்சவன்தான, இன்னா வேல குடுத்தான்? இந்த வாட்டி பாக்குறவன் பயப்படணும்.”

அண்ணன் உள்ளே என்னைப் பார்த்தான். நான்தான் தலையாட்டினேன்.

செப்டம்பர் 8

மூன்று நாளாக அட்டை வெட்டுகிறேன். வெட்டிய அட்டையைச் சுவரில் வைத்துப் பெயின்டை ஒற்றினால் நூறு சுவரிலும் ஒரே எழுத்து. சின்னசேலத்துக்கு நான் தனியாகப் போனதே இல்லை. என் லை போகும்.

செப்டம்பர் 17

மறியல் தொடங்கிவிட்டது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள். பஸ் சத்தமே இல்லை.

செப்டம்பர் 25

ஒரு வாரத்துக்குப் பிறகு பேப்பர் வந்தது. எரிந்த பஸ் ஒன்றின் படம். கண்டக்டருக்கு இரண்டு காலும் வெந்துவிட்டதாம். பஸ்ஸுக்குப் பின்னால் சுவரில் என் எழுத்து. அந்தப் படத்துக்கென்றே எழுதியது மாதிரி அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அட்டையை அடுப்பில் போட்டேன்.

செப்டம்பர் 27

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் பேப்பர், இன்னொருவர் கையில் கிழித்தெடுத்த ‘பாழ்மலை’ போஸ்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லைமேல் விரலை வைத்தார்கள்.

“இந்தத் தும்பிக்கைய எவன்டா போட்டது?”

“நான்தாங்க” என்றான் அண்ணன்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கை நிறையச் சிவப்புப் பெயின்ட். அண்ணன் என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்டி தொறக்கல? நாலடி தூரம். நான்னு ஒரு வார்த்த. தொறந்தா இன்னா, செத்தா பூடுவ?

அக்டோபர் 6

அண்ணன் வந்துவிட்டான். வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை.

அந்த லையை எழுதிக் காட்டச் சொன்னார்களாம். அண்ணனுக்கு வரவில்லை. ஏமாற்றுகிறான், வேறு எவனையோ காப்பாற்றுகிறான் என்று விரலிலேயே அடித்திருக்கிறார்கள். யார் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

“எத்தினி வாட்டி போட்டாலும் உன்னுது மாதிரி வரல கலை. தும்பிக்கை போட்டா எலி வாலாட்டம் வருது.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 28

ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் போர்டு வெளுத்துவிட்டதாம், தங்கம் ஆர்ட்ஸ் வந்து எழுத வேண்டுமாம். அண்ணனால் பிரஷ் பிடிக்க முடியாது. போகாவிட்டால் திரும்ப வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

நான் போகிறேன் என்றேன்.

“அங்கியா? நீயா?” என்றாள் அம்மா.

“காவல் நிலையம். நடுவுல லை வருது. கை பழக்கத்துல தும்பிக்கைய போட்டுடாத” என்றான் அண்ணன்.

அக்டோபர் 31

சிலேட்டு முழுக்கப் புது லை. இரட்டைச் சுழி தனியாக, அப்புறம் ல. கை முரண்டு பிடிக்கிறது.

நவம்பர் 2

எழுதிவிட்டேன். ஸ்டூல்மேல் நின்று எழுதினேன். ஏட்டு கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். லை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பெயின்டில் எண்ணெய் ஜாஸ்தி, லைக்குக் கீழே ஒரு சொட்டு வழிந்தது. அவர் பார்ப்பதற்குள் தாவணி நுனியால் துடைத்தேன்.

“அண்ணன் எழுத்தாட்டமே கீது” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த என் பெயரை அடித்தேன். புது லை வைத்து எழுதினேன்.