இடது கண்ணில் ஒரு புள்ளி

12 ஜூன் 2011, ஞாயிறு
விடாத சாரல். பிள்ளைக்கு ஒன்பதாம் நாள். 2 கி. 900. பால், தூக்கம், திரும்பப் பால். பேர் இன்னும் முடிவாகவில்லை. ஆய்வேட்டில் நாலாம் அத்தியாயம் திருத்தணும். தொடவேயில்லை.
மத்தியானம் பால் கொடுத்தபடியே கண் அயர்ந்தேன். லேபில் தினமும் பார்க்கிற எலியின் விழித்திரைச் செல்கள், கண்ணுக்குள் மிதந்துகொண்டு. அவை பெருகுகிறவரை, பெருக்கத்துக்குக் கடிவாளமான ஆர்.பி. ஜீனின் புரதம் வாயடைத்துக் கிடக்கும். மேலே ஒட்டிய பாஸ்பேட் கழன்றதும் விழித்துக்கொள்ளும். பெருகினது போதும் என்னும். செல் அடங்கி, நார் நீட்டி, நரம்பாகும். அது சொல்லாமல் போனால் கண்ணில் புற்றுக்கட்டி.
எனக்கு அந்த ஜீனின் ரெண்டு பிரதியில் ஒன்று பிறவியிலேயே பழுது. ஒன்றரை வயசில் வலது கண்ணை எடுத்தாச்சு. இவனுக்கு? பாதிக்குப் பாதி.

14, செவ்வாய்
மழை. தொப்புள்கொடி ரத்தத்தை ஜீன் சோதனைக்கு அனுப்பியதற்குப் பதில் இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து ஜெரால்டு ரெண்டு தடவை போன். ரிசல்ட் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளை பால் குடித்தானா என்று மட்டும். எனக்கு வாய்த்த புருஷன் இப்படித்தான். பயந்தால் பேச்சு சுருங்கும்.
அம்மெ துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சின்னதில ஒனக்க கண்ணு பூனைக் கண்ணு மாதிரி மினுங்கும், மக்கா. எனக்கு அழகாட்டு இருந்து. வாறவ போறவ எல்லாருட்டயும் காட்டினேன்."
அந்த மினுக்கம்தான் கட்டி. இத்தனை வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மிச்சத் துணியை ரெண்டு பேருமாக மடித்தோம்.

16, வியாழன்
வெயில். இரணியலில் ரயிலேறி திருவனந்தபுரம் கண் ஆஸ்பத்திரிக்கு, ஜெரால்டும் நானும் பிள்ளையும். கண்ணில் சொட்டு மருந்து. கண்மணி விரிந்து, கறுத்த குளம்.
டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். வலது சுத்தம். இடது ஓரத்தில் ஒரு புள்ளி, கடுகளவுகூட இல்லை. ரத்த ரிசல்ட்டும் அங்கேயே கிடைத்தது. பழுது இவனுக்கும்.
ஜெரால்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. கண்ணை எடுக்கணுமா என்று கேட்டேன். வேண்டாம், லேசரில் சுட்டுவிடலாம், நேரத்தோடு வந்தீர்கள் என்றார். வெளியே வந்து ரெண்டு பேரும் சாயா குடித்தோம். இனிப்பே தெரியவில்லை.

24, வெள்ளி
லேசர் முடிந்தது. புள்ளி வெளுத்துவிட்டது. மூணு வாரம் கழித்துப் பரிசோதனை. புதுசாக வரலாம், வருஷக்கணக்கில் பார்க்கணும்.
அம்மெயிடம் போனில் சொன்னேன், கண்ணு ரெண்டும் இருக்கு என்று. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். பிறகு, சோறு தின்னியா என்றாள்.
திரும்பும் ரயிலில் பிள்ளை விழித்தான். தென்னைகளுக்கு இடையே வெயில் வந்து வந்து போனது. அதன் பின்னாலேயே அவன் கண்கள்.