பந்தயக் காரும் காலி நாற்காலியும்

செமோர் தோட்டம்
3 மார்ச் 1926

மச்சான் ஜைனுலாப்தீனுக்கு,

உன் கோவமும் தொப்பையும் நல்லா வளருதுன்னு கேள்விப்பட்டேன். ரெண்டும் சுகந்தானே? படம் புடிச்சா ஆயுசு குறையும்னு பயந்து, உன் போட்டோ கடை தொறப்பு அன்னைக்கு நாற்காலிய விட்டு எந்திரிச்சு ஓடினேன். அதுக்கு மூணு வருசமாவா பேசாம இருப்பே? போதும்லா.

எங்க தொரை சீமையிலேருந்து பந்தயக் கார் எறக்கியிருக்காரு. தொடைக்கிற வேலை எனக்கு. முப்பது வருசம் மாட்டு வண்டி ஓட்டுனவன் சொல்றேன், எஞ்சின் மூடியத் தொறந்தா எனக்கு மூச்சு நின்னுடுது. ஓடவிட்டா எட்டு ஸ்பிரிங்கு வெளியவே நின்னு குதிக்குது, குதிக்கிற வேகத்துல கண்ணால எண்ண முடியல. ஆனா ஒண்ணு முந்தல, ஒண்ணு பிந்தல. சக்கரத்துக் கம்பியத் தட்டினா சலங்கை மாதிரி பாடுது. டயரு நம்ம ரப்பர் மரத்துப் பாலுன்னு சொன்னா, தெனம் அந்தப் பால வெட்டுற இருளாயியே நம்பமாட்டேங்கிறா.

ஞாயித்துக்கிழமை ரயிலேத்தி சிங்கப்பூருக்கு அனுப்பிடுவாரு. அதுக்குள்ள உன் கேமரா பொட்டியத் தூக்கிட்டு வா. என்னைப் படம் புடிக்க வேணாம், காரைப் புடி.

பல்லில்லாத சன்னாசி

தாப்பா
5 மார்ச் 1926

சன்னாசிக்கு,

அந்தப் படம் இன்னும் கடையிலதான் தொங்குது. நானும் ஒரு காலி நாற்காலியும். பக்கத்துல யாருன்னு வர்றவனெல்லாம் கேக்குறான். நான் என்னத்தைச் சொல்ல?

காருக்காக வாரேன், உனக்காக இல்ல. பேசமாட்டேன். எஞ்சின் ஓடக்கூடாது, ஆடினா படத் தகட்டுல புகை மாதிரிதான் விழும்.

ஜைனுலாப்தீன்

செமோர் தோட்டம்
9 மார்ச் 1926

பேசாத மச்சானுக்கு,

வந்தே, சொன்ன மாதிரியே பேசல. ஆனா மூடியத் தொறந்ததும் "யா அல்லா"ன்னியே, அது யாருகிட்ட? கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டவன் வெளியவே வரல. தூங்கிட்டியோன்னு குச்சியால குத்திப் பாத்தேன்.

கார் போயிடுச்சு. தொரை முடுக்கினப்போ என் நெஞ்செலும்பு அதிர்ந்துச்சு, மரத்துலேருந்து காஞ்ச எலை கொட்டுச்சு. இப்ப கார் நின்ன கொட்டாயி வெறிச்சுன்னு கெடக்கு. படத்தையாவது அனுப்பு.

சன்னாசி

தாப்பா
15 மார்ச் 1926

மச்சான்,

படம் இதுல வச்சிருக்கேன். எட்டு ஸ்பிரிங்கையும் எண்ணிக்கோ. நான் பத்து தடவை எண்ணிட்டேன். இரும்பை வச்சு இப்படி ஒண்ணை நெனச்சவன் மனுசன்தானா?

இப்ப தொறந்து நிக்கிற மூடியப் பாரு. நீ தேச்ச தேப்புல அது கண்ணாடியாயிருக்கு. அதுக்குள்ள, கேமராவோட ரப்பர் குமிழ அமுக்கிக்கிட்டு நான் தெரியுறேன். பக்கத்துல குச்சியோட, பல்லில்லாம சிரிச்சுக்கிட்டு நீ. ஆயுசு குறைஞ்சிருந்தா எழுது.

பழைய படத்தைக் கழட்டிட்டு இதை மாட்டிட்டேன். யாருன்னு கேட்டா இப்ப பதில் இருக்கு.

உன் ஜைனு

செமோர் தோட்டம்
18 மார்ச் 1926

ஜைனு,

படத்துல வசமா மாட்டிக்கிட்டேன். ஆயுசு அப்படியேதான் இருக்கு. அந்த எஞ்சினு பக்கத்துல நிக்க, குறைஞ்சாலும் போகட்டும்.

சனிக்கிழமை வாரேன். அந்த நாற்காலியத் தொடைச்சு வை. இந்தத் தடவை ஓடமாட்டேன், முட்டி வலிக்குது. உன் தொப்பைய மறைக்கவும் முன்னால ஒரு ஆள் வேணும்லா.

சன்னாசி