முன் இருக்கையில் இரண்டு தண்ணீர் கேன்கள்

என் பிரியமுள்ள பகவதிக்கு,

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன மஞ்சள் படகு இப்போது என் வீட்டு கார் ஷெட்டில் இருக்கிறது. கார் வெளியே வெயிலில் கிடக்கிறது. ஐம்பத்துமூன்று வயதில், மூட்டுவலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு, நான் துடுப்புப் போடக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. சிரிப்பதற்கு இங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது.

நம் பள்ளியில் எனக்கு 'படகு டீச்சர்' என்று பெயர் வந்துவிட்டது. குளியலறை வாளியைத் தவிர வேறு தண்ணீரில் கை வைத்திராத நம் தலைமையாசிரியை, "ஆத்துல சுழி இருக்கும் மேபல், பாத்துக்கிடுங்க" என்று எனக்குப் புத்தி சொல்கிறார். என் தம்பி தினமும் காலையில், யாராவது எங்கேயாவது முங்கிச் செத்த வீடியோ ஒன்றைத் தவறாமல் அனுப்புகிறான். சபையில் எனக்காக ஜெபிக்கிறார்களாம். நான் போகக் கூடாது என்றா, பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்றா என்று கேட்டேன்.

உன் திட்டம் எவ்வளவு லட்சணமானது என்று இப்போதுதான் தெரிகிறது. பாபநாசத்தில் படகை இறக்கி, புன்னைக்காயலில் கடலைப் பார்க்கும்வரை தாமிரபரணியில் நாம் இருவரும் போகவேண்டும். கணக்கு டீச்சரான உனக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாது. புவியியல் டீச்சரான எனக்கு நீச்சல் தெரியாது. "நீ வழி சொல்லுட்டி, நான் துடுப்பு போடுகேன்" என்றாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேர் உட்காரும் படகை வரவழைத்தாய். கொண்டு வந்து இறக்கியவரிடம் "இவ என் தங்கச்சி, இவளுக்கும் சேத்துத்தான்" என்று அறிமுகம் வேறு. உன்னைவிட ஆறு மாதம் மூத்தவள் நான்.

எனக்குக் கற்றுத்தருபவர் வின்சென்ட் என்று ஒரு பெரிய மனிதர். துபாயில் வெள்ளைக்காரர்களுக்குப் படகு விடச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கழுத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி, கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடி. சனிக்கிழமைகளில் குழித்துறை ஆற்றில் என்னை இறக்கிவிட்டு, "ரிலாக்ஸ் டீச்சர், ரிலாக்ஸ்" என்று கரையிலிருந்து கத்துவார். அப்படிக் கத்தினால் யாருக்காவது ரிலாக்ஸ் வருமா?

முதல் நாளே ஒன்று கண்டுபிடித்தார். "முன்னால ஆள் இல்லேன்னா படகுக்க மூக்கு மேல நிக்கும் டீச்சர். வெயிட் வைக்கணும்." ஆகவே உன் இருக்கையில் இரண்டு தண்ணீர் கேன்களை வைத்துக் கட்டியிருக்கிறேன். உன்னைவிட ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. தேவையில்லாமல் திரும்பிப் பார்த்துப் பேசுவதில்லை. அவற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை பகவதி.

என்னைத் தடுத்து நிறுத்தியது அதுவல்ல, கவிழும் பாடம். இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு ரப்பர் துணி மாட்டி, அதன் ஓரத்தைப் படகின் விளிம்பில் பொருத்திவிடுவார்கள். தண்ணீர் உள்ளே வராது. படகு கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைப் பிடித்து இழுத்து, துணியைக் கழற்றி வெளியே வரவேண்டும். "இது தெரியாத ஆளை நான் பெரிய ஆத்துல விடமாட்டேன்" என்று வின்சென்ட் சொல்லிவிட்டார். நாலு சனிக்கிழமை கவிழ்த்தார். நாலு தடவையும் நான் பட்டையைத் தேடாமல் கர்த்தரைத் தேடினேன். நாலு தடவையும் அவர்தான் படகை நிமிர்த்தினார். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பார்த்து "ஒரு சின்ன விஷயம் மண்டையில ஏறல்லியா?" என்று கேட்டவளின் லட்சணம் இது.

இனி உன் வீட்டுக்காரர் தாணுவைப் பற்றி. அந்தப் பேச்சை எடுக்காமல் இந்தக் கடிதத்தை முடிக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது சிகிச்சை முடிந்து உனக்கு மயிர் முளைக்கத் தொடங்கியிருந்த மாதங்கள் நினைவிருக்கிறதா? சோறு இறங்கியது. படியேறினாய். ஒரே ஒருமுறை, ஒரு மணி நேரம், ஆற்றில் படகில் உட்காரவேண்டும் என்று கேட்டாய். அந்த மகான் என்ன செய்தார்? படகை வைக்கோல் கொட்டகையின் உத்தரத்தில் ஏற்றி, நெல்மூட்டை கட்டும் கயிற்றால் ஒன்பது சுற்றுச் சுற்றிக் கட்டினார். "சீக்குக்காரிக்குப் படகு ஒண்ணுதான் கொறச்சல்" என்று என் முன்னாலேயே சொன்னார். நீ போன பதினாறாம் நாள் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இத எடுத்துட்டுப் போயிருங்க டீச்சர், கண்ணுல படப்பிடாது" என்றார். எனக்கு அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. படகை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று அவர் கயிறு கட்டியபோது நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன்? "அண்ணன் சொல்லுகதும் சரிதானட்டி, அடுத்த வருஷம் போலாம்." உனக்காகச் சொல்லவில்லை பகவதி. எனக்குத் தண்ணீரென்றால் பயம். தப்பித்தோம் என்று ஆறுதலாக இருந்தது. நீ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் டீ போட்டாய். உனக்குத் தெரிந்ததா? தெரிந்துதான் ஒன்றும் சொல்லாமல் விட்டாயா?

ஆடி மாதத்தில் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை என்று சுற்றறிக்கை வந்தது. வார நாளில் ஆறு காலியாக இருக்கும், கவிழும் பாடத்தை அன்றைக்கு முடித்துவிடலாம் என்று வின்சென்ட்டிடம் சொன்னேன். ஆடி அமாவாசை என்பது தெரியும். செத்தவர்களுக்குப் பலி போடுகிறவர்கள் எல்லாரும் கன்னியாகுமரிக் கடலுக்குத்தானே போவார்கள் என்று நினைத்தேன். நான் அஞ்சுகிராமத்துக்காரி, அதிலும் சர்ச்சுக்குப் போகிறவள். மேற்கே உள்ளவர்கள் இந்த அமாவாசைப் பலியை வாவுபலி என்பார்கள், அதற்குக் குழித்துறை ஆற்றில்தான் இறங்குவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கடற்கரை ஊர்க்காரரான வின்சென்ட்டுக்கும் தெரியாது. ஒரு குருடி இன்னொரு குருடரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

விடியும்போதே கரை கொள்ளாத கூட்டம். படகைப் பார்த்த போலீஸ்காரர், "நல்ல நாளு பாத்தீயளே" என்றார். வளைவைத் தாண்டிக் கீழே போய்ப் பயிற்சி செய்வதாகச் சொல்லி ஓரமாகத் துடுப்புப் போட்டேன். தலையில் வாழை இலையோடு வரிசையாக ஆட்கள் ஆற்றில் இறங்கினார்கள். இலையில் சோற்று உருண்டை, எள், தர்ப்பை. அதைத் தலைக்குப் பின்னால் ஆற்றில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் முங்கிக் கரையேறவேண்டும். அந்த வரிசையில், இடுப்பளவு தண்ணீரில், ஈர வேட்டியோடு உன் வீட்டுக்காரர் நின்றார்.

உயிரோடு இருந்தபோது ஒரு மணி நேரம் ஆற்றைத் தரவில்லை. செத்தபிறகு சோற்று உருண்டை தருகிறாராக்கும். நீ பலியையே நம்பாதவள். எனக்கு இளக்காரமான சிரிப்பு வந்தது. அந்தக் கண்கொள்ளாக் காட்சியை நன்றாகப் பார்க்க ஒருபக்கமாகச் சாய்ந்தேன். படகு கவிழ்ந்தது.

பட்டையைத் தேடினேன். முன்னால் இல்லை. அன்று காலை அவசரத்தில் பட்டையை உள்ளே மடக்கிவைத்துத் துணியை மாட்டியிருக்கிறேன். மூக்கெல்லாம் தண்ணீர். வின்சென்ட் தூரத்தில் கரையில் நடந்து வந்துகொண்டிருந்தார், வந்து சேரமாட்டார் என்று தெரிந்தது. அப்போது கர்த்தர் நினைவுக்கு வரவில்லை. நீதான் வந்தாய். அடுத்த வருஷம் போலாம் என்று நான் சொன்னபோது பார்த்தாயே, அந்தப் பார்வை. கோபமா வெட்கமா தெரியவில்லை, இடுப்புப் பக்கம் துணியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்துப் பிய்த்தேன். கழன்றுவிட்டது. லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது.

மேலே வந்தால் என் தலையில் ஒரு வாழை இலை. காதில் எள்ளுச்சோறு. யாருடைய அப்பாவுக்குப் போட்டதோ. அதற்குள் ஒரு சத்தம் கேட்டது.

"ஏட்டி பகவதி! பகவதி!"

தாணு திரும்பிப் பார்த்துவிட்டார். பார்க்கக் கூடாது என்ற நாளில், இலையை விட்ட கையோடு திரும்பி, கவிழ்ந்து கிடந்த மஞ்சள் படகைப் பார்த்துவிட்டார். உன் பெயரைக் கத்திக்கொண்டு ஆழத்துக்குள் நடந்தார். நீந்தத் தெரியாத மனுஷன், கழுத்தளவு போய், பிறகு காணவில்லை. நாலு சனிக்கிழமை தோற்றவள், ஜாக்கெட்டின் மிதப்பில் கையை அடித்து அந்த ஆளை எட்டினேன்; குடுமியைப் பிடிக்கலாம் என்றால் தலை வழுக்கை. பூணூலும் இல்லை. வேட்டியைப் பிடித்து இழுத்தேன். பிறகு வின்சென்ட் வந்து சேர்ந்து, இரண்டு கண்ணாடியையும் ஆற்றில் விட்டுவிட்டு, எங்கள் இருவரையும் கரையேற்றினார்.

பலி போட வைத்தவர், "திரும்பிப் பாத்துட்டீரே, இனி மொதல்லேருந்து செய்யணும்" என்று சண்டைக்கு வந்தார். தாணு அவரைக் கவனிக்கவில்லை. மணலில் உட்கார்ந்து இருமினார். பிறகு படகைப் பார்த்து அழுதார்.

"அவ ஒருக்கா ஏறி இருக்கணும்னுதான் கேட்டா டீச்சர். நாந்தான் விடல்ல. ஆத்து வெள்ளத்துல நனஞ்சு சளி பிடிச்சா செத்துப்போவாளோன்னு பயம். சளி பிடிக்காமலே செத்துப்போனா."

நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருந்தால்தானே. "நானும் விடல்ல" என்றேன். அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. உன் திட்டத்தை நான் விடவில்லை என்று படகைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்போல, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு இருக்குல்லா. ஒவ்வொண்ணுலயும் படகைத் தூக்கிட்டுல்லா அந்தப் பக்கம் போடணும். ஒத்தைக்கு எப்பிடித் தூக்குவிய?"

பகவதி, அந்த எட்டும் என் பரீட்சைக் கேள்வி. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களை எழுதுக. எத்தனை வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டு, ஒரு பெயர் விட்ட பிள்ளையை எழுந்து நிற்கவைத்திருக்கிறேன்! வழிப்படத்தில் கோயில், பாலம், டீக்கடைவரை குறித்து வைத்த எனக்கு, அணைக்கட்டு என்றால் படகு நின்றுவிடும் என்று தோன்றவே இல்லை. வயலில் தண்ணீர் பாய்ச்சும் ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் படகை ஒற்றை ஆளாக ஒரு முழம்கூட என்னால் நகர்த்த முடியாது.

"நான் கரையோட வாறேன் டீச்சர். தூக்கிவிட மட்டும்."

"ஒரு வார்த்தை பேசப்பிடாது."

"பேசமாட்டேன்."

"சீக்கு, சளின்னு வாயைத் தொறந்தா அங்கனயே விட்டுட்டுப் போயிருவேன்."

"செரி."

தை பிறந்ததும் புறப்படுகிறோம். வின்சென்ட் சம்மதித்துவிட்டார். பட்டையை வெளியே விட்டு மாட்டியிருக்கிறேனா என்று மூன்று முறை பார்த்துக்கொள்வேன். தாணு தன் ஸ்கூட்டரில் கரையோடு வருவார். அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை, அதை நீதான் செய்யவேண்டும், செய்யாமலும் இருக்கலாம். எட்டு அணைக்கட்டிலும் முன்பக்கத்தை அவர் பிடிப்பார், பின்பக்கத்தை நான் பிடிப்பேன்.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எட்டாவது அணையான ஸ்ரீவைகுண்டம் தாண்டிவிட்டால், கடல்வரை படகைத் தூக்கவேண்டிய வேலை இல்லை. அங்கே அந்த இரண்டு கேன்களையும் கரையில் இறக்கிவிடுவேன். நீந்தத் தெரியாத அந்தக் கழுதைக்கு லைஃப் ஜாக்கெட்டை இறுக்கக் கட்டி, உன் இருக்கையில் உட்காரவைத்து, புன்னைக்காயல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பேன். வேறு எதற்கும் இல்லை. மூக்கு மேலே நிற்கக் கூடாது அல்லவா, முன்னால் எடை வேண்டும்.

உன்னைவிட ஆறு மாதம் மூத்த உன் தங்கச்சி,
மேபல்