ஐம்பது இலை

மேற்குத் தாம்பரம்
16-8-1966

அன்புள்ள மகன் சுந்தர்சிங்குக்கும் மருமகள் நாகலக்ஷ்மிக்கும் அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. பிலாயில் நீங்கள் இருவரும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். மருமகள் என்று நான் எழுதுவதை அப்பா எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எழுதுகிறேன்.

உன் தங்கை தபீதாளுக்குச் செப்டம்பர் ஏழாம் தேதி புதன்கிழமை கல்யாணம் என்று போன கடிதத்திலேயே எழுதினேன், வா என்று எழுதத்தான் அப்போது எனக்குத் தைரியம் இல்லை. இப்போது அரிசிப் பஞ்சம் என்று சர்க்கார் ஓர் உத்தரவு போட்டிருக்கிறது, கல்யாணத்தில் ஐம்பது பேருக்கு மேல் சோறு போடக் கூடாதாம், போட்டால் கேஸாம். ரயிலிலும் கடையிலும் இதே சண்டைதான். பால்காரி பேபிகூட, இன்னாம்மா இது, நம்ம வூட்டு சோத்த நாம போடறதுக்கு கவர்மெண்ட கேட்டுகினு நிக்கணுமா, பேஜாரா கீதே என்றாள். சுதந்திர தினத்துக்காகச் சபை வாலிபர் சங்கத்தில் சனிக்கிழமை பட்டிமன்றமே வைத்துவிட்டார்கள், தனிமனிதன் விருப்பத்தில் அரசாங்கம் தலையிடலாமா என்று. தலையிடலாம் என்று பேசினது யார் தெரியுமா, உன் அப்பாதான். பக்கத்து வீட்டில் பசி இருக்கும்போது என் இஷ்டம் என்று பேசுவது பாவம் என்று மேஜையைத் தட்டினார். எதிர்த்துப் பேசின இரும்புலியூர் ஜீவரத்தினம், தபால் ஆபீஸில் இருக்கிறாரே அவர்தான், இன்றைக்கு இலையை எண்ணுகிறவன் நாளைக்கு என் வீட்டுக்கு யார் வரலாம் என்றும் சொல்லுவான் என்றார். எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது, ஆனாலும் கை தட்டவில்லை, அப்பாவோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே. ஜெயித்தது அப்பா. பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர், இப்போது காப்பி அதில்தான் வேண்டுமாம்.

மறுநாள் ஞாயிறு, கோயிலில் தபீதாளுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். சபைச் செயலாளர் அப்பாதானே, இருபது வருஷமாக யார் வீட்டுக் கல்யாணமானாலும் அறிவிப்பை எழுதிக் கொடுக்கிற கை அது. பழக்க தோஷத்தில் கடைசி வரியையும் சேர்த்து எழுதிவிட்டார். சபையார் அனைவரும் குடும்பத்தோடு வந்து விருந்துண்டு வாழ்த்தும்படி பெண்ணின் தகப்பனார் அழைக்கிறார் என்று போதகர் கணீரென்று வாசித்தார். இருநூறு குடும்பம், சுந்தர்! அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாசலில் ஜீவரத்தினம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணா, எங்க வீட்டுல ஏழு பேரு, அவசியம் வந்துடறோம் என்று குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, என் மகள் கல்யாணத்தில் என் பந்தியில் யார் உட்காரலாம் என்று சொல்ல இவர்கள் யார் என்று ஒரே கத்தல். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம், வாய் கேட்கவில்லை. போன டிசம்பரில் சுந்தர் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டபோது, அந்தப் பெண் நம் பந்தியில் உட்காரக் கூடாது என்று நீங்களும் ஓர் உத்தரவு போட்டீர்களே, கவர்மெண்டாவது ஐம்பது பேரை விடுகிறது என்றேன். அன்றைக்கு அப்பா ஊறுகாய்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார். எட்டு மாதமாக உன்னைப் பார்க்காத துக்கம் எனக்குப் பொங்கிவிட்டது, அழுதேன், தபீதாளிடம் வெங்காயம் என்று சொன்னேன்.

நேற்றுக் கொடியேற்றிவிட்டு வந்து அப்பா பட்டியல் போட உட்கார்ந்தார். சபையாருக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வாழைப்பழமும் காப்பியுமாம், கிழங்குக்கு அந்த உத்தரவு செல்லாதாம். சோற்றுப் பந்திக்கு ஐம்பதே பேர். சாயங்காலம் அவர் வெளியே போனதும் எடுத்துப் பார்த்தேன். முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவது நாகலக்ஷ்மி.

ஆகையால் உடனே லீவு கேள், ரயிலுக்கு ரிசர்வ் செய். வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதீர்கள், கூஜாவில் கொதித்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முடியை வெட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் அதற்கும் ஓர் உத்தரவு போடுவார். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து, ஒரு குறையுமில்லாமல் நடத்துவாராக.

மறந்துவிடாதே, அப்பா சொல்லி எழுதுகிறேன், பட்டியலில் இருக்கிறவர்கள் வராவிட்டால் இலை வீணாகுமாம். கணக்கில் மன்னன் அல்லவா, உங்களையும் சேர்த்துக் கடைசியில் ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. யாரை எடுப்பது என்று யோசித்துவிட்டுத் தன் பெயரையும் என் பெயரையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். நீங்கள் வந்து சாப்பிடுங்கள், நாங்கள் கிழங்கு தின்கிறோம்.

உன் அம்மா,
ரத்தினபாய் அசரியா